2^136279841 − 1: கணித தினத்துக்கு இந்த எண்ணை எப்படிக் காட்டுவது, எப்படிச் சரிபார்ப்பது?

குடியாத்தம் கணக்கு (கேள்வி)

வணக்கம். டிசம்பர் 22 கணித தினத்துக்கு ஒன்பதாவது, பத்தாவது பிள்ளைகள் ஓர் அரங்கு வைக்கிறார்கள். எடுத்துக்கொண்ட எண் 2^136279841 − 1. 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட பகா எண், 4 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் இலக்கங்கள் கொண்டது.

கையில் இருப்பவை: 4 ஜிபி ரேம் உள்ள ஒரு பழைய கணினி, அதில் பைத்தான் 3.11, லிப்ரே ஆபீஸ், நான்கைந்து சயின்டிஃபிக் கால்குலேட்டர், 8க்கு 4 அடி பலகை ஒன்று. முழு எண்ணும் உள்ள ஒரு ஃபைலை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறோம்.

முழு எண்ணையும் அச்சிட்டு வைக்க முடியுமா? முடியாதென்றால், இந்த எண்ணைப் பற்றிப் பிள்ளைகள் தாங்களே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடியது என்ன? முக்கியமாக, பார்க்க வருகிறவர்கள் "இது பகா எண்தான் என்று எப்படித் தெரியும்?" என்று கேட்டால் பத்தாம் வகுப்பு மட்டு எண்கணிதத்துக்குள் நின்று என்ன பதில் சொல்லலாம்? இறக்கிய ஃபைல் பிழையில்லாமல் இருக்கிறதா என்று சோதிக்கவும் ஒரு வழி வேண்டும்.

---

காட்பாடி ஜங்ஷன்

மேடம், அச்சிடும் யோசனையை முதலில் விடுங்கள். ஏ4 தாளில் வரிக்கு 80 இலக்கம், பக்கத்துக்கு 60 வரி என்றால் பக்கத்துக்கு 4,800 இலக்கம். மொத்தம் 8,547 பக்கம் வரும். இரு பக்கமும் அடித்தாலும் 4,274 தாள், ஒன்பது ரீம் வாங்க வேண்டும். 75 ஜிஎஸ்எம் தாளில் அந்தக் கட்டு 20 கிலோ நிற்கும். வேலூர் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடையில் கொடுத்து அடித்துக்கொண்டு வந்தாலும், பார்க்கிறவர்கள் முதல் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள். செலவுக்கு ஏற்ற பயன் இல்லை.

அளவை உணர்த்த ஒரே வாக்கியம் போதும்: இலக்கத்துக்கு 2 மில்லிமீட்டர் இடம் விட்டு ஒரே வரியாக எழுதினால் 82 கிலோமீட்டர் வரும். வேலூர் கோட்டை வாசலில் எழுத ஆரம்பித்தால் கண்ணமங்கலம், போளூர் எல்லாம் தாண்டித் திருவண்ணாமலைக்குக் கிட்டே போய்விடும்.

தாளில் முழுதாகக் காட்ட ஓர் எண் வேண்டுமென்றால் இதன் தம்பி ஒருவன் இருக்கிறான்: 2^11213 − 1. அதில் 3,376 இலக்கம். வரிக்கு 80 வைத்தால் 42 முழு வரிகளும், 43ஆவது வரியில் 16 இலக்கமும். ஒரே ஏ4 தாளில் அடங்கிவிடும். 1963ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டொனால்ட் கில்லீஸ் கண்டுபிடித்தது. "2^11213 − 1 பகா எண்" என்று அங்குள்ள கணிதத் துறையிலிருந்து போன தபால்களில் முத்திரையே குத்தினார்கள். அந்தத் தாளைப் பலகையின் நடுவில் ஒட்டுங்கள். பக்கத்தில் "பெரிய எண்ணுக்கு இதுபோல 8,547 பக்கம்" என்று எழுதினால் ஒப்பீடு கண்ணுக்குப் புரியும். (தாள் நிரம்பி 60 வரிக்கும் இருக்கும் கணக்கு அது, 43 வரியில் நிற்கும் இந்தத் தாள் அதைவிடச் சிறியது என்பதையும் பிள்ளைகள் சொல்லட்டும்.)

பைத்தானில் ஒரு எச்சரிக்கை. 3.11ல் 4,300 இலக்கத்துக்கு மேற்பட்ட முழு எண்ணைப் பதின்ம எழுத்தாக மாற்றச் சொன்னால் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். பாதுகாப்புக்காக அவர்களே வைத்த வரம்பு அது. 3,376 அந்த வரம்புக்குள் இருப்பதால் உங்களுக்குத் தொந்தரவு இல்லை. பெரிய எண்ணைப் பைத்தானில் உருவாக்குவது நொடியில் முடியும், ஏனென்றால் இரும வடிவில் அது 13,62,79,841 ஒன்றுகள், அவ்வளவுதான். 17 எம்பி நினைவகம் போதும். அதைப் பதின்மத்துக்கு மாற்றச் சொன்னால்தான் அந்தப் பழைய இயந்திரம் மாட்டிக்கொள்ளும். மாற்ற வேண்டாம்.

---

ஆரணிப் பாவு

ஜங்ஷன் சொன்னதோடு சேர்த்து, கால்குலேட்டரை மட்டும் வைத்துப் பிள்ளைகள் செய்யக்கூடியவை.

இலக்க எண்ணிக்கை: அடுக்கை 2இன் மடக்கையால் பெருக்கி, முழு எண் பகுதியோடு 1 கூட்ட வேண்டும். பாடப்புத்தகத்து நான்கு இலக்க மடக்கை 0.3010ஐப் போட்டால் 4,10,20,233 என்று வரும். உண்மையைவிட 4,087 குறைவு. அடுக்கு 13 கோடிக்கு மேல் இருப்பதால் மடக்கையில் நூறாயிரத்தில் ஒரு பங்குப் பிழை இருந்தாலும் விடையில் ஆயிரக்கணக்கில் தெரியும். 0.30102999566398 என்று முழுதாக எடுத்துக்கொள்ளுங்கள். பெருக்கினால் 41024319.9453. ஆக 4,10,24,320 இலக்கம். மிஞ்சிய 0.9453க்கு எதிர்மடக்கை எடுத்தால் 8.8169 வரும், எண் 88 என்று தொடங்குவது இதிலிருந்தே தெரிகிறது. நான்கு கோடி இலக்கத்தைப் பார்க்காமலே தலையைச் சொல்லிவிடலாம்.

வாலைச் சொல்வது இன்னும் எளிது. 2இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று நான்கு நான்காகச் சுற்றும். 136279841ஐ 4ஆல் வகுக்க மீதி 1, ஆக 2ல் முடியும், 1 கழித்தால் 1. கடைசி மூன்று இலக்கத்துக்குச் சுற்று 100. அடுக்கின் கடைசி இரண்டு இலக்கம் 41. 2^41 = 2199023255552. கடைசி மூன்று 552, ஒன்று கழிக்க 551. எண் 551 என்று முடிகிறது.

இங்கே தவறு நடக்கும் இடம் ஒன்று உண்டு. கடைசி இரண்டு இலக்கத்துக்குச் சுற்று 20, அடுக்கை 20ஆல் வகுக்க மீதி 1, எனவே 2^1 = 02, ஒன்று கழித்தால் 01 என்று ஒரு பிள்ளையாவது போடும். விடை தப்பு, 51தான் சரி. 2^1ஐ 4ஆல் வகுக்க முடியாது, அதற்கு மேலுள்ள எல்லா அடுக்கையும் முடியும். அதனால் 02 என்ற முடிவு ஒரு முறைதான் வரும், சுற்றுக்குள் அது சேர்வதில்லை. 2^21 = 2097152 என்பதில் தொடங்கினால் 52 கிடைக்கும்.

ஃபைலைச் சோதிக்க 9ஆல் வகுக்கும் மீதியில் தொடங்குங்கள். 2இன் அடுக்குகள் 9ஆல் வகுக்கும்போது ஆறு ஆறாகச் சுற்றும். அடுக்கை 6ஆல் வகுக்க மீதி 5. 2^5 = 32, 9ஆல் வகுக்க 5, ஒன்று கழிக்க 4. ஆக ஃபைலில் உள்ள எல்லா இலக்கங்களையும் கூட்டி 9ஆல் வகுத்தால் மீதி 4 வர வேண்டும். ஓர் இலக்கம் மாறியிருந்தால் இது காட்டிக்கொடுக்கும் (0 இருந்த இடத்தில் 9 வந்தது போன்றவற்றைத் தவிர). பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறியிருந்தால் கூட்டுத்தொகை மாறாது, அதனால் 11ஐயும் போடுங்கள்: கடைசியிலிருந்து ஒன்றைக் கூட்டி அடுத்ததைக் கழித்துக்கொண்டே போனால், 11ஆல் வகுத்த மீதி 1 வர வேண்டும். ஏனென்றால் 11க்குச் சுற்று 10, அடுக்கு 1ல் முடிகிறது, 2 − 1 = 1.

இதே சோதனையைப் பலகைத் தாளுக்கும் செய்யலாம். 2^11213 − 1 தொடங்குவது 2814, முடிவது 191, இலக்கக் கூட்டுத்தொகை அங்கேயும் 9ஆல் வகுக்க மீதி 4. 3,376 இலக்கத்தை வரிக்கு ஒரு பிள்ளை என்று பிரித்துக் கொடுத்தால் கையாலேயே கூட்டிவிடலாம். நான் பார்த்தவரை பிள்ளைகளுக்கு இந்த எண் தங்கள் கைக்கு வந்தது என்ற எண்ணம் வருவது இங்கேதான்.

---

பாலாறு 62

பகா எண் என்று எப்படித் தெரியும் என்ற கேள்விக்கு வருகிறேன். அரங்கின் உயிரே அதுதான், அதற்கு அதிக இடம் கொடுங்கள்.

அடுக்கு பகா எண்ணாக இருந்தால் 2^ப − 1ம் பகா எண் என்று நினைப்பார்கள். முதலிலேயே உடைத்துவிடுங்கள்: 2^11 − 1 = 2047 = 23 × 89. அடுக்கு பகா எண்ணாக இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் போதாது. 1600களின் தொடக்கத்தில் கட்டால்டி 17, 19, 23, 29, 31, 37 ஆறுக்கும் பகா எண் என்று சொன்னார். 17, 19, 31 மட்டும் சரி. 23, 37 இரண்டையும் ஃபெர்மா 1640ல் உடைத்தார், 29ஐ ஆய்லர் 1738ல்.

உடைத்தது எப்படி? வகுஎண் இருந்தால் அது எந்த உருவத்தில் இருக்கும் என்று முன்கூட்டியே தெரிந்ததால். ப ஒற்றைப்படைப் பகா எண் என்றால், 2^ப − 1ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் இரண்டு நிபந்தனைக்கு உட்பட வேண்டும்: 2ப-வால் வகுக்க மீதி 1, 8ஆல் வகுக்க மீதி 1 அல்லது 7. முதல் நிபந்தனை ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருவது, இரண்டாவது 2 ஒரு வர்க்க மீதியாக இருப்பதிலிருந்து வருவது. நிரூபணத்தைப் பலகையில் போட வேண்டாம், பயன்படுத்திக் காட்டுங்கள்.

8191 = 2^13 − 1ஐ எடுங்கள். வர்க்க மூலம் 90.5. அதற்குள் 26ஆல் வகுக்க மீதி 1 வரும் எண்கள் 27, 53, 79. 27 பகா எண் இல்லை. 53ஐ 8ஆல் வகுக்க மீதி 5, தள்ளு. மிச்சம் 79 ஒன்றுதான். 79 × 103 = 8137, மீதி 54. முடிந்தது, 8191 பகா எண். ஒரே ஒரு வகுத்தல்! சாதாரண வழியில் 2, 3, 5 என்று 89 வரை 24 பகா எண்களால் வகுத்திருக்க வேண்டும். இரண்டு வழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

131071 = 2^17 − 1க்கு இதே வழியில் மூன்றே வகுத்தல்: 103 (மீதி 55), 137 (மீதி 99), 239 (மீதி 99). கடைசி இரண்டு மீதியும் ஒன்றாக இருப்பது எழுத்துப்பிழை அல்ல. 137 × 956, 239 × 548 இரண்டும் 130972தான்.

உடைவதைக் காட்ட 2^29 − 1 நல்லது. 58ஆல் வகுக்க மீதி 1: 59, 117, 175, 233. 59ஐ 8ஆல் வகுக்க மீதி 3, தள்ளு. 117ம் 175ம் பகா எண் இல்லை. முதன்முதலாக நிஜமாக வகுத்துப் பார்க்க வேண்டியது 233, அதுவே வகுத்துவிடுகிறது. முழுக் காரணிகள் 233 × 1103 × 2089.

ஆய்லர் 2^31 − 1 = 2147483647 பகா எண் என்று 1772ல் காட்டியது இதே வழியில். 31க்கு இரண்டு நிபந்தனையும் சேர்ந்து 248ன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டிய எண்கள் என்று ஆகும். வர்க்க மூலமான 46340 வரை அப்படி 63ஐ விட்டுவிட்டு 372 எண்கள்தான், அதிலும் பகா எண்ணை மட்டும் எடுத்தால் இன்னும் குறையும். முதலாவது 311, அதில் மீதி 35. உங்கள் கால்குலேட்டரில் பத்து இலக்கம் தெரியுமென்பதால் இந்த எண் மொத்தமும் திரையில் நிற்கும். ஆய்லர் காகிதத்தில் செய்ததைப் பார்வையாளர் ஒருவர் ஓர் எண்ணாவது வகுத்துப் பார்க்கட்டும்.

13 கோடி அடுக்குக்கு இந்த வழி எட்டாது. வகுஎண் தேடாமலே தீர்ப்புச் சொல்லும் சோதனை அங்கே வேண்டும். லூக்காஸ் தொடங்கி (1876ல் 2^127 − 1ஐ அவர் பகா எண் என்று காட்டினார்), லெமர் 1930ல் நிறுவியது அது. 4ல் தொடங்கு. வர்க்கம் எடு, 2 கழி, 2^ப − 1ஆல் வகுத்த மீதியை வைத்துக்கொள். இதை ப − 2 தடவை செய். கடைசியில் 0 வந்தால் பகா எண், வராவிட்டால் பகு எண். இதில் "அநேகமாக" என்பது கிடையாது, இரண்டு பக்கமும் உறுதியான தீர்ப்பு. ப = 7க்கு, அதாவது 127க்கு, பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

வகுத்தலையும் சுருக்கலாம். 127ஆல் வகுப்பதற்குப் பதில் 128ஆல் வகுத்து, ஈவையும் மீதியையும் கூட்டினால் போதும். 128ஐ 127ஆல் வகுக்க மீதி 1 அல்லவா. 4487 என்றால் 35 × 128 + 7, கூட்டினால் 42. கணினியில் 128ஆல் வகுப்பது என்பது பிட்டுகளை இரண்டாக வெட்டுவதுதான். மெர்சென் எண்களே (2^ப − 1 உருவத்தில் உள்ளவை) வரிசையாகச் சாதனை படைப்பதற்கு இது ஒரு காரணம்; இதே பருமனுள்ள வேறு எண்ணுக்கு இவ்வளவு மலிவான வகுத்தலும் இல்லை, இவ்வளவு சுருக்கமான சோதனையும் இல்லை. ஐஐடி கான்பூரில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா 2002ல் வெளியிட்ட சோதனை எந்த எண்ணுக்கும் பொருந்தும், கோட்பாட்டில் பெரிய சாதனை. ஆனால் இந்தப் பருமனில் அதை ஓட்டி முடிக்க வழியில்லை.

---

குடியாத்தம் கணக்கு

மிக்க நன்றி. 8191ஐ ஒரே வகுத்தலில் முடித்ததைப் பிள்ளைகள் நம்பவில்லை, 24ம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டார்கள்.

மூன்று சிக்கல். 127க்கு லெமர் சோதனை போட்டதில் ஒரு குழுவுக்குக் கடைசியில் 111 வந்தது, இன்னொரு குழுவுக்கு 127 வந்தது, யாருக்கும் 0 வரவில்லை. லிப்ரே ஆபீஸில் 31க்குப் போட்டால் 0 வராமல் ஏதோ எண் நிற்கிறது. அப்புறம், பலகையில் "வங்கிப் பணப் பரிமாற்றத்தைக் காப்பது இந்த எண்" என்று எழுதலாமா என்று கேட்கிறார்கள்.

---

பாலாறு 62

127 வந்த குழு சரியாகத்தான் போட்டிருக்கிறது. ஈவு + மீதி முறையில் 0 என்பது 127 என்றும் வரும், 127ஆல் வகுத்தால் மீதி 0 அல்லவா. 12319 = 96 × 128 + 31, கூட்டினால் 127, ஆகவே 0. கணினியில் எழுதுகிறவர்களும் இதே இடத்தில் வழுக்குவதுண்டு: எல்லா பிட்டும் 1 ஆக நிற்பதைப் பூஜ்யம் என்று எண்ண மறந்தால் பகா எண்ணைப் பகு எண் என்று தள்ளிவிடும்.

111 வந்த குழு ஒரு தடவை முன்னாலேயே நிறுத்திவிட்டது. 4ஐ முதல் தடவை என்று எண்ணியிருப்பார்கள். 4 தொடக்கம் மட்டும். அதற்கு அப்புறம் ஐந்து தடவை: 14, 67, 42, 111, 0.

பக்கத்திலேயே 2047க்கும் போடுங்கள், ஒன்பது தடவை: 14, 194, 788, 701, 119, 1877, 240, 282, 1736. 0 இல்லை, ஆகவே பகு எண். 23ஐயோ 89ஐயோ இந்தக் கணக்கு எங்கேயும் தொடவில்லை என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். காரணி தெரியாமலே பகு எண் என்று தெரிகிறது. 2^67 − 1 அப்படித்தான் இருந்தது: பகு எண் என்று லூக்காஸ் 1876லேயே காட்டினார், காரணிகள் 193707721, 761838257287 என்று கோல் 1903ல்தான் காட்டினார்.

லிப்ரே ஆபீஸ் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்திருக்கும். 31க்கு வர்க்கம் 19 இலக்கம் வரை போகும், கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடும், மீதி குப்பை. 23 வரை தாராளமாகத் தாங்கும் (வர்க்கம் 14 இலக்கம்). எனவே அட்டவணையில் 13, 17, 19க்குப் பகா, 11, 23க்குப் பகு என்று காட்டுங்கள். 31ஐப் பைத்தானுக்கு விட்டுவிடுங்கள், அங்கே முழு எண்ணைக் கணக்குப் போட நீள வரம்பு இல்லை (4,300 வரம்பு பதின்ம எழுத்தாக மாற்றுவதற்குத்தான்). 127, 521, 607 எல்லாம் கண் இமைக்குமுன் முடியும். 11213ம் அந்தக் கணினியில் ஓடும், கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

---

சத்துவாச்சாரி 632009

வங்கி வாசகத்தை எழுதாதீர்கள் மேடம், அது தப்பு. வங்கிக்கு வேண்டியது ரகசியமான பகா எண். உலகத்துக்கே தெரிந்த எண்ணால் அங்கே பூட்டுப் போட முடியாது. 2048 பிட் ஆர்எஸ்ஏ குறியாக்கம் என்றால் 309 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்களைக் கணினி தற்போக்காகத் தேர்ந்தெடுத்துப் பெருக்கி வைத்துக்கொள்ளும். 4 கோடி இலக்கத்துக்கு அங்கே வேலையே இல்லை.

அந்த இரண்டும் ரகசியமாக இருந்தால் மட்டும் போதாது, ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாகவும் இருக்கக் கூடாது. நம்ம ஊர் பின்கோடிலேயே இதைக் காட்டலாம். 632009, பார்த்தால் பகா எண் போலத்தான் இருக்கும். வர்க்க மூலத்துக்கு அடுத்த முழு எண் 795. 795இன் வர்க்கம் 632025. கழித்தால் 16, அது 4இன் வர்க்கம். ஆக 632009 = (795 − 4) × (795 + 4) = 791 × 799. ஒரே அடியில் உடைந்துவிட்டது. (791ல் 7 இருப்பதால் சாதாரண வகுத்தலிலும் சீக்கிரம் மாட்டும்தான். ஆனால் இரண்டு காரணியும் 150 இலக்கம் கொண்டு இதுபோல ஒட்டி நின்றாலும் இந்த வழி அப்படியே வேலை செய்யும், சாதாரண வகுத்தல் செய்யாது.) ஃபெர்மா சொன்ன முறை இது. பார்வையாளர்கள் தங்கள் பின்கோடைக் கொண்டுவந்து போட்டுப் பார்க்க ஒரு மூலை வைக்கலாம். 632001ம் 632007ம் இலக்கக் கூட்டிலேயே 3ஆல் வகுபடும் என்று தெரிந்துவிடும்.

மெர்சென் எண்களுக்கு வேறு நேரடிப் பயன்கள் உண்டு, அவற்றை எழுதுங்கள். 2147483647தான் 32 பிட்டில் குறியோடு வைக்கக்கூடிய மிகப் பெரிய முழு எண். உங்கள் பைத்தானில் தற்போக்கு எண் கேட்டால் அது வருவது மெர்சென் ட்விஸ்டர் என்ற முறையிலிருந்து. 2^19937 − 1 என்பது அதன் சுற்றின் நீளம். பி-521 என்ற நீள்வட்ட வளைகோட்டுக் குறியாக்கம் 2^521 − 1ஆல் மீதி எடுத்து நடப்பது. அங்கே அந்த எண் ரகசியம் இல்லை, வகுக்க எளிது என்பதற்காகவே எடுத்தது.

இன்னொரு வாசகத் திருத்தம். "மிகப் பெரிய பகா எண்" என்று எழுத வேண்டாம், அப்படி ஒன்று இல்லை என்று யூக்ளிட் காட்டிவிட்டார். "தெரிந்தவற்றில் பெரியது" என்று எழுதுங்கள். "52ஆவது மெர்சென் பகா எண்" என்றும் வேண்டாம், "தெரிந்தவற்றில் 52ஆவது" என்றே இருக்கட்டும். இதற்கு முன் கிடைத்தது 2^82589933 − 1 (2018). இதைவிடச் சிறிய அடுக்குகள் எல்லாம் இருமுறை சரிபார்த்து முடிந்தபிறகுதான் வரிசை எண் உறுதியாகும்.

---

காட்பாடி ஜங்ஷன்

13 கோடி தடவை வர்க்கம் எடுத்ததில் ஒரு பிழைகூட வரவில்லை என்று எப்படி நம்புவது என்றும் யாராவது கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஒரு பிட் ஒரு தடவை புரண்டாலும் மிச்சம் எல்லாம் வீண்.

எண்ணை 17, 18 பிட் துண்டுகளாக வெட்டி, வேக ஃபூரியே உருமாற்றம் (மிகப் பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் வழி) மூலம் தசமப் புள்ளி எண்களாகப் பெருக்குகிறார்கள். முழு எண்ணுக்கு மிக அருகில் விடை வர வேண்டும். பாதிக்குப் பக்கத்தில் வந்தால் எந்தப் பக்கம் முழுமையாக்குவது என்று தெரியாது, அங்கே பிழை புகும். துண்டைப் பெரிதாக்கினால் வேகம் கூடும், இந்த ஆபத்தும் கூடும். இன்னொரு எதிரி சூடு. வேலூர் மே மாதத்து வெயிலில் ஏசி இல்லாத அறையில் செயலியை முழு வேகத்தில் நாள் கணக்கில் ஓட்டினால் பழுதான ரேம், தளர்ந்த ஹீட்சிங்க் எல்லாம் வெளியே வரும். இந்தத் தேடலுக்கான பிரைம்95 நிரலைக் கணினி கட்டுகிறவர்கள் பொறுமைச் சோதனைக்குப் பயன்படுத்துவது இதனால்தான்.

அதனால் இப்போது முதலில் ஓட்டுவது லெமர் சோதனை அல்ல, ஃபெர்மா வகைச் சோதனை. ராபர்ட் கெர்பிச் கண்டுபிடித்த சரிபார்ப்பு அதற்குள் இருக்கிறது; இடையிடையே கணக்கைத் தானே சோதித்து, பிழை இருந்தால் கடைசியாகச் சரியாக இருந்த இடத்துக்குத் திரும்பிப் போகும். ஆனால் அந்தச் சோதனை "பகா எண்ணாக இருக்கலாம்" என்பதோடு நிற்கும். 2024 அக்டோபர் 11ல் டப்ளினில் இருந்த ஒரு கிராபிக்ஸ் செயலி அப்படிச் சொன்னது. மறுநாள் டெக்சஸில் சான் அன்டோனியோவில் வேறொரு செயலி லெமர் சோதனையை முடித்து உறுதி செய்தது. பிறகு வேறு நிரல், வேறு வன்பொருளில் மறுபடி ஓட்டிப் பார்த்தபிறகே அறிவித்தார்கள். கண்டுபிடித்தவர் லூக் டுரான்ட், ஜார்ஜ் வோல்ட்மன் 1996ல் தொடங்கிய கிம்ப்ஸ் கூட்டுத் தேடலில்.

---

குடியாத்தம் கணக்கு

எல்லாம் பலகைக்கு ஏறிவிட்டது. ஒன்றே ஒன்று இடிக்கிறது. பிள்ளைகள் மடக்கையை 0.30103 என்று முழுமையாக்கிப் பெருக்கி 4,10,24,321 இலக்கம் என்கிறார்கள். ஃபைலின் அளவும் சரியாக 4,10,24,321 பைட் காட்டுகிறது. இரண்டு தனித்தனி வழியில் ஒரே விடை வந்ததால், நீங்கள் சொன்ன 4,10,24,320தான் தப்பு என்று சாதிக்கிறார்கள்.

---

ஆரணிப் பாவு

அவர்கள் சாதிப்பதில் தப்பில்லை, தனித்தனி வழியில் ஒத்துவருவது நல்ல சான்றுதான். இங்கே இரண்டு வெவ்வேறு பிழை ஒரே திசையில் ஒவ்வொன்று கூட்டியிருக்கிறது.

0.30103 என்பது உண்மையான மதிப்பைவிட 0.00000000433602 கூடுதல். 136279841ஆல் பெருக்கினால் 0.5909. உண்மையான பெருக்கல் 41024319.9453, அதோடு 0.5909 சேர்ந்தால் 41024320.5362. இடையில் ஒரு முழு எண்ணைத் தாண்டிவிட்டது, அதனால் ஓர் இலக்கம் கூடிவிட்டது. எண் 88ல் தொடங்குவதால், அதாவது 10இன் அடுத்த அடுக்குக்கு மிக அருகில் இருப்பதால்தான் இவ்வளவு சின்னப் பிழையும் தாண்ட வைக்கிறது. 0.30103ஐயே நம்பினால் தொடக்கம் 3.4 என்று வரும் (0.5362இன் எதிர்மடக்கை). ஃபைலைத் திறந்து முதல் இலக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்: 8 நிற்கும். அவர்கள் கணக்கை அவர்கள் ஃபைலே மறுத்துவிடும்.

ஃபைலில் கூடுதலாக இருக்கும் அந்த ஒரு பைட் கடைசியில் உள்ள வரி முடிவுக் குறி. விண்டோஸில் சேமித்த ஃபைல் என்றால் அதுவே இரண்டாக, 4,10,24,322 என்று காட்டியிருக்கும். பைத்தானில் படிக்கும்போது ஓரங்களில் உள்ள வெற்றிடத்தை நீக்கிவிட்டு நீளம் கேளுங்கள், 4,10,24,320 வரும். இலக்கங்களைக் கூட்டும் சோதனையையும் நீக்கியபிறகே ஓட்டுங்கள். இல்லாவிட்டால் அந்தக் குறியை எண்ணாக மாற்றப் போய்ப் பிழை காட்டி நிற்கும். ஃபைலை மொத்தமாக ஒரு பட்டியலாக்க வேண்டாம், 4 ஜிபி ரேம் திணறும். 0 எத்தனை, 1 எத்தனை என்று ஒவ்வோர் இலக்கமும் எத்தனை தடவை வருகிறது என்று மட்டும் பத்து எண்ணிக்கை எடுத்து, இலக்கத்தால் பெருக்கிக் கூட்டி 9ஆல் வகுங்கள். மீதி 4 வந்ததும் அந்தப் பத்து எண்ணிக்கையையும் பலகையில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.